மூன்று சிவப்புத் தையல்

காசு கொடுத்துச் சீட்டு வாங்கி மீன்பிடிகாரனின் குடிசையைப் பார்க்கப் போனவன் எங்கள் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதென்றால் என்னிடம் வேறு சங்கதிகள் இருக்கின்றன. நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் அரைவாசி. இன்றைக்கு முல்லைத்தீவுக் கரையில் என் பெயரில் ஐந்து இயந்திரப் படகுகள் நிற்கின்றன. மீன் ஏற்றும் லொறி இரண்டு. வவுனியாச் சந்தையில் என் பெட்டி இறங்கும்வரை வேறு பெட்டியைத் திரும்பிப் பார்க்காத வியாபாரிகள் இருக்கிறார்கள். மகளை ஒல்லாந்தில் இருக்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தேன். ஒருவனிடமும் கை நீட்டாமல், ஒருவனுக்கும் தலை சொறியாமல் செய்தவை இவ்வளவும்.

அந்த மகள்தான் போன வருடம் என்னைக் கூப்பிட்டாள். மூன்று மாதம் அங்கே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், "அப்பா, இண்டைக்கு உங்களுக்கு விருப்பமான இடமொண்டு காட்டுறம்" என்றாள். மீன் துறைமுகமாக்கும் என்று நினைத்து நான் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டேன். மருமகன் காரை ஓட்டினார். போய் இறங்கினால் அது ஒரு நூதனசாலை.

நூதனசாலை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த வாளும் ராசாவின் செருப்பும் இருக்கும் என்பது என் எண்ணம். இது அப்படியில்லை. இதற்குக் கூரையே கிடையாது. கடலோரத்தில் ஒரு முழு ஊர். ஒல்லாந்தர் முன்னொரு காலத்தில் கடலை நம்பி எப்படிச் சீவித்தார்களோ அதைக் காட்டுவதற்காக, பழைய வீடுகளைக் கல்லுக் கல்லாகக் கழற்றிக்கொண்டுவந்து திரும்பவும் பூட்டி வைத்திருக்கிறார்கள். வள்ளங்கள், வலை காயப்போடும் கம்பங்கள், மீனுக்குப் புகை போடும் கொட்டில், ஒரு சின்னக் கோவில். அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆட்களும் நடமாடுகிறார்கள், சம்பளத்துக்கு.

எங்களை நூறு வருடத்துக்கு மேல் ஆண்டவர்களின் பூட்டன்மார் இப்படியா இருந்தார்கள் என்று எனக்கு வியப்பாகப் போய்விட்டது. என் லொறிச் சாரதியின் குசினி நாங்கள் உள்ளே போய்ப் பார்த்த வீட்டைவிடப் பெரிது. கட்டில் கிடையாது. சுவருக்குள் ஓர் அலுமாரி. அதன் கதவைத் திறந்து ஏறிப் படுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். காலை நீட்ட இடமில்லாததால் அரைவாசி இருந்தபடிதான் நித்திரை. அதற்குக் கீழே இழுக்கிற லாச்சி.

"அம்மப்பா, பிள்ளையள் இந்த லாச்சிக்குள்ளையாம் படுக்கிறது" என்றாள் பதினொரு வயதுப் பேத்தி. எனக்கு அங்கே வாயும் காதும் அவள்தான்.

"இதென்ன பெரிய கதை. உன்ரை கொம்மாவை நாங்கள் மீன்பெட்டிக்குள்ளை போட்டு வளர்த்தனாங்கள்."

"அப்பா, சும்மா இருங்கோ. இவள் பள்ளிக்கூடத்திலை போய் அப்பிடியே சொல்லுவாள்" என்றாள் மகள்.

வெளியே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் முக்காலியில் இருந்து கிழிந்த வலையொன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். சுற்றிவரச் சனம். ஒரு கண் பொத்துவதற்குள் மனுசன் மூன்று தரம் மூச்சு வாங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஊசியைத் தரச்சொல்லிக் கையைக் காட்டினேன். என் கை இந்த வேலையை மறந்து இருபது வருடம் இருக்கும். ஆனாலும் அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நான் ஒரு சாண் முடித்துவிட்டேன். சனம் கை தட்டியது. கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ சொன்னார்.

"உங்களை இங்கை வேலைக்கு வரட்டாம், அம்மப்பா."

"எனக்குக் கீழை பதினெட்டுப் பேர் வேலை செய்யினம் எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். கிழவர் தொப்பியைக் கழற்றினார். அந்த நேரத்தில் நான் எவ்வளவு உயரத்தில் நின்றேன் என்பதைச் சொல்வதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அங்கிருந்துதான் விழுந்தேன்.

படம் எடுப்பதற்கென்று ஒரு வீடு இருந்தது. அங்கே வருகிறவர்களுக்குப் பழைய காலத்து மீன்பிடி உடுப்பு மாட்டிவிடுவார்கள். எனக்குக் கட்டையில் கடைந்த சப்பாத்தும் கருநீலத்தில் ஒரு தடித்த கம்பளிச் சட்டையும் தந்தார்கள். நெஞ்சுப் பக்கம் முழுவதும் பின்னல் கோலம். மூலையில் ஒரு மனுசி இருந்து அதே மாதிரிச் சட்டையொன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து, என் நெஞ்சில் இருந்த கோலத்தை விரலால் தடவிக் காட்டி, பேத்தியிடம் நிறையக் கதைத்தார்.

"இந்தக் கோலம் ஊருக்கு ஊர் வேறையாம். உங்கடை சட்டையைப் பாத்தால் நீங்கள் எந்த ஊர் எண்டு தெரியுமாம்."

"வடிவுக்கோ?"

"வடிவுக்கில்லையாம். கடலிலை செத்து வேறை ஊரிலை ஒதுங்கினால், முகம் தெரியாட்டியும் சட்டையைப் பாத்து வீட்டை அனுப்பலாமாம். அந்தக் காலத்திலை அப்பிடிச் சொல்லுவினமாம்." பேத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த மனுசியிடம் தானாகவே ஒரு கேள்வி கேட்டாள். மனுசி சிரித்துத் தலையை ஆட்டினார்.

"என்ன கேட்டனி?"

"வேறை ஆள் மாறிப் போட்டால் என்ன செய்யிறது எண்டு. அப்பிடி நடக்காதாம். தங்கடை சட்டையை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினமாம்."

நான் சட்டையைக் கழற்றப் பார்த்தேன். கழுத்து இறுக்கம், தலை வெளியே வரவில்லை. "அப்பா, ஆடாமல் நில்லுங்கோ" என்று சொல்லி மகள் படத்தை எடுத்துவிட்டாள்.

நான் சொல்லப்போகிறது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊரில் ஆம்பிளைகள் எல்லோருக்கும் இடுப்பில் உடுக்க ஒரே சாரம். அந்த வருடம் சங்கக்கடைக்கு ஒரே கட்டாக வந்தது, நீலத்தில் வெள்ளைக் கோடு. வேறு கடை கிடையாது. ஊர் முழுவதும் அதையே வாங்கிற்று. பூசையில் முழந்தாளில் நின்றால் பின்னால் இருந்து எவனுடைய தகப்பன் எவர் என்று பிள்ளைகளுக்கே மட்டுக்கட்டத் தெரியாது. நல்ல தண்ணீர்க் கிணறும் ஊருக்கு ஒன்றுதான். பெண்கள் அங்கே சேர்ந்து தோய்த்து ஒரே வேலியில் காயப்போடுவார்கள். மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு வீட்டுக்காரியும் சாரம் மூட்டிய இடத்தில் உள்பக்கமாகத் தன் நூலில் ஒரு குறி தைத்துவைப்பார். எங்கள் வீட்டுக்குச் சிவப்பில் மூன்று தையல். பக்கத்து வீட்டுக்குப் பச்சையில் ஒரு சிலுவை. வேலியில் மாறக்கூடாது என்பதற்காகத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். கடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கரையில் சில கதைகளை வாயால் கதைக்கக்கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் நான் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவேன். கலியாணம் கட்டி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. என் தகப்பனாரை ஐயா என்பேன். ஐயாவும் மாமாவும் ஒரே தெப்பத்தில் தொழிலுக்குப் போவார்கள். உயரமும் ஒன்று, நிறமும் ஒன்று. மாமா ஓயாமல் பகிடி விடுவார். ஐயா ஓயாமல் சிரிப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வாடைக் காற்றுத் தொடங்கிப் பட்டக் காலம் வந்தது. என் பட்டம் மேலே ஏறுவதும் தலைகீழாகக் குத்துவதுமாக இருந்தது. வால் பாரம் போதாது. பெரிய பெடியன்கள் சிரித்தார்கள். சிரிப்பை நான் அந்த வயதிலேயே தாங்கமாட்டேன். நேரே வேலியடிக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சாரத்தை எடுத்தால் ஐயாவின் கை முதுகில் இறங்கும். ஆகவே மூட்டுத் தையலைப் புரட்டிப் பார்த்து, பச்சைச் சிலுவை இருந்ததை எடுத்தேன். வியாபார மூளை எனக்கு அன்றைக்கே இருந்தது. தாழங்காட்டுக்குள் இருந்து பல்லால் கடித்துக் கிழித்து நீளமாக முடிந்தேன். பட்டம் ஆணி அடித்தது மாதிரி வானத்தில் நின்றது. அப்படி நின்ற பட்டத்தை இன்றுவரை நான் காணவில்லை.

மாமாவே வெளியே வந்து நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"டேய், கோவில் கோபுரத்தை எட்டிட்டுதடா. வாலுக்கு என்னத்தைக் கட்டினனி?"

"பழஞ்சீலை, மாமா."

"நல்ல ராசியான பழஞ்சீலை. பத்திரமா வைச்சிரு."

அன்று பின்னேரம் மாமி வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். நாயைப் பேசினார். காற்றைப் பேசினார். என் அம்மாவும் சேர்ந்து தேடினார். நானும் சேர்ந்து தேடினேன்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலை, தூறலாக இருந்தது. இயேசு பிறந்த நத்தாருக்கு இன்னும் கொஞ்ச நாள். பிள்ளைகளுக்குப் புது உடுப்பு வேண்டும் என்பதால் கடல் ஓரளவு அமர்ந்த நாளையெல்லாம் யாரும் விடவில்லை. சாப்பாட்டு முடிச்சைத் தூக்கிக்கொண்டு நான் ஐயாவுக்குப் பின்னால் கரைக்குப் போனேன். வழக்கமாகப் போவதுதான். ஐயா ஒரு சாரத்தை உடுத்து, குளிருக்குப் போர்க்க மற்றதைத் தோளில் போட்டிருந்தார். மாமா பல்லுக் கிட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் ஈரச் சாரம்.

"என்னடா, கடலுக்குப் போக முந்தியே நனைஞ்சிட்டாய்?" என்றார் ஐயா.

"என்ன செய்ய, அண்ணை. இருந்தது ரெண்டு. ஒண்டைக் காத்துக் கொண்டுபோட்டுது. மற்றது இந்த மழைக்குக் காயேல்லை. அவள் அடுப்புக்கு மேலை பிடிச்சுப் பாத்தாள். புகை மணம் ஏறினதுதான் மிச்சம். என்னை இப்ப கருவாடெண்டு வித்தாலும் வாங்குவாங்கள்."

ஐயா சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த சாரத்தை எடுத்து அவர்மேல் எறிந்தார். "இந்தா, இதைக் கட்டு. நீ விறைச்சுப்போய் நிண்டால் ஆர் எனக்குத் துடுப்புப் போடுறது?" பிறகு என்னைப் பார்த்தார். "கொம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை. ஊருக்கெல்லாம் சாரம் குடுக்கிறன் எண்டு பேசுவா."

நான் தலையாட்டினேன். ஐயா எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான். அதை நான் காப்பாற்றினேன்.

மாமா சாரத்தை மாற்றிக்கொண்டார். ஈரச் சாரத்தைப் பாய்மரத்தில் கட்டிவிட்டு, "காயட்டும்" என்றார். தெப்பம் தூறலுக்குள் போகப் போக அது பட்டத்து வால் மாதிரி ஆடிக்கொண்டு போனது. இரண்டு பேருடைய முதுகும் தெரிந்தது. இரண்டும் ஒரே முதுகு. இரண்டு பேருடைய இடுப்பிலும் மூன்று சிவப்புத் தையல். அதை அறிந்தவன் கரையில் நான் மட்டும்.

பின்னேரம் காற்று மாறியது. மற்றத் தெப்பங்கள் எல்லாம் வந்துவிட்டன. அது வரவில்லை.

ஐந்தாம் நாள், நாலு கட்டை தூரம் தெற்கே ஒரு சடலம் ஒதுங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. ஒன்றுதான். தம்பியையும் தங்கச்சியையும் ஒரு வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவும் மாமியும் நானும் மாட்டுவண்டியில் போனோம். வழி முழுவதும் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருப்பது ஒரு சடலம், பிடித்திருப்பது இரண்டு கை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

முகத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அதை எழுதமாட்டேன். சாரம் இடுப்பில் முறுகிக் கிடந்தது. கிராம அதிகாரி விதானையார் ஒரு தடியால் மூட்டுத் தையலைத் தேடிப் புரட்டினார். மூன்று சிவப்புத் தையல். உப்புத் தண்ணீரில் கிடந்தும் நிறம் போகாமல் இருந்தது. அம்மா நல்ல நூலாகப் பார்த்துத்தான் வாங்குவார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தையலைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் போய்க் குந்தினார். ஐயாவின் வலது குதிக்காலில் திருக்கை முள் ஏறிய பெரிய தழும்பு இருந்தது. அம்மா அந்தக் காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஐந்து நாள் தண்ணீரில் ஊறிய கால். நெடுநேரம் பார்த்தார். பிறகு சீலைத் தலைப்பை இழுத்து இரண்டு காலையும் மூடிவிட்டு, "ஓம். எங்கடை ஆள்தான்" என்றார். ஈ மொய்க்கிறபடியால் மூடுகிறார் என்று நான் நினைத்தேன்.

மாமி மணலில் இருந்தார். இருந்தபடியே, "அப்ப அவர் இருக்கிறார், அக்கா. அவர் எங்கையோ கரையேறிட்டார்" என்றார். குரலில் சந்தோசம் இருந்தது. அதைத் தன் காதால் கேட்டவுடன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் மடியில் விழுந்தார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகத் திறந்தேன். மாமாவும் எங்கள் சாரம்தான் உடுத்திருந்தவர் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவருடைய சாரம் எங்கே என்று கேட்பார்கள். பட்டம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது, வாலோடு. ஐயா போய்விட்டார் என்பதைவிட அந்த வால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வாயை மூடினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், வாலை எடுத்து அடுப்பில் போட்டேன். எல்லாம் எரிந்தது. பச்சைச் சிலுவை இருந்த துண்டை மட்டும் எரிக்கக் கை வரவில்லை. சிலுவை அல்லவா, எரித்தால் பாவம். மறைக்கவும் வேண்டும், நல்ல இடத்திலும் இருக்க வேண்டும். கோவிலடிச் சேமக்காலைக்குப் போய், ஐயாவின் குழியில் மண் இளக்கமாக இருந்த இடத்தில், முழங்கை போகுமட்டும் தோண்டி அதைப் புதைத்துவிட்டு வந்தேன்.

அம்மா வெள்ளைச் சீலை உடுத்தார். முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. ஊர் வந்து அழுது, சாப்பிட்டு, போனது. மாமிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் தாலிக்கொடியைக் கழற்றவில்லை. சுவாமியார் மாமாவுக்கும் ஒரு பூசை வைப்போம் என்று கேட்டபோது, உயிரோடு இருக்கிற மனுசனுக்கு எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். கலியாண வீட்டுக்கு அவரைக் கூப்பிடுவதா விடுவதா என்று ஊருக்குத் தெரியவில்லை. ஆகவே கூப்பிடவில்லை. செத்த வீட்டிலும் அவருக்குச் சரியான இடம் இல்லை.

ஒரு வருடம் போக, கதை மாறியது. ஐயாவின் சடலம் வந்தது, மாமாவுடையது வரவில்லை. அப்படியென்றால் மாமா கரையேறிவிட்டார். கரையேறினவர் ஏன் வரவில்லை? இந்தியாவில் ஒதுங்கி வேறு கலியாணம் கட்டிவிட்டார். ஊருக்கு அது போதும். ஒருநாள் கிணற்றடியில் நான் வாளியோடு நிற்க, ஒருத்தி சொன்னாள்: "அங்கை கரை தட்டினவங்கள் ஆர் திரும்பி வந்தவங்கள்? புதுக்காரி நல்லா ஆக்கிப் போடுறாளாக்கும்."

மாமி உடுப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "போடட்டும். அவருக்கு உறைப்புக் கூடினால் வயிறு எரியும். அதை ஆரும் அவளுக்குச் சொல்லிவிடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஒரு சொல். மாமா எங்கள் சாரத்தோடு போனவர் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், அந்தக் குழியில் பாதி அவருக்குச் சொந்தமாகியிருக்கும். அந்தப் பெண்களின் வாயும் அடங்கியிருக்கும்.

அந்தச் சொல்லைச் சொல்ல மாமியே எனக்கு இடம் தந்தார். ஒரு பகல், தன் முற்றத்தில் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"தம்பி, அண்டைக்கு நீ கரையிலை நிண்டனியெல்லே?"

"ஓம், மாமி."

"அவர் ஈரச் சாரத்தோடை போனவர். குளிருது எண்டு சொன்னவரோ?"

"தெரியாது."

"உடுப்பு ஏதும் மாத்தினவரோ?"

"நான் பாக்கேல்லை, மாமி."

அவர் என் தலையைத் தடவிவிட்டுப் பனங்கட்டித் துண்டொன்று தந்தார். நான் அதைத் தின்றேன். அவர் குழியையும் சடலத்தையும் பற்றிக் கேட்கவில்லை என்பது எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. மனுசன் குளிரோடு போனாரோ என்பதுதான் அவருடைய கவலை. காய்ந்த சாரம் உடுத்திருந்தார், சிரித்துக்கொண்டு போனார் என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

பதினாலு வயதில் கடலுக்குப் போனேன். முப்பதுக்குள் சொந்தமாக ஒரு படகு. சண்டைக் காலத்தில் எத்தனை தரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம், எத்தனை தரம் வெறுங்கையோடு திரும்பிவந்து தொடங்கினேன் என்பதை என்னோடு தொழில் செய்தவர்களைக் கேளுங்கள். என் படகில் ஏறுகிறவனுக்கு மிதவைச் சட்டை தருவேன். ஒவ்வொன்றிலும் அவனவன் பெயர். ஒருவன் மற்றவனுடையதைப் போட்டால் அன்றைக்கே இறக்கிவிடுவேன். கண்டிப்பான முதலாளி என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

கையில் காசு வந்தபோது மாமியின் கூரைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தேன். கிணறு கட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். "உன்ரை மாமா வரட்டும், ராசா. நீ எனக்குச் செய்ததெல்லாம் சொல்லுவன்" என்பார். அதற்கு மேல் என் நாக்கு எழும்பாது. ஊரில் எவனையும் பேச்சில் மடக்குகிறவன் நான்.

அம்மா, நாங்கள் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்த காலத்தில் கண்ணை மூடினார். அங்கேயே ஒரு காட்டோரம் வைத்தோம். இப்போது அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமியைக் கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் கடலே கொண்டுபோனது. நாற்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அது செய்த உபகாரம். அவருடைய உடலும் கிடைக்கவில்லை. சேமக்காலையில் பாதியை அலை தோண்டிக்கொண்டு போயிற்று. ஐயாவின் பெயர் எழுதின சிலுவை, குழி, உள்ளே இருந்த எலும்பு, நான் புதைத்த துண்டு, ஒன்றும் இல்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை, தோண்டுவதற்கு மண்ணும் இல்லை.

ஒல்லாந்தில் அந்தச் சட்டையைக் கழற்ற மகளும் மருமகனும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. "கம்பளி கடிக்குது" என்று சொன்னேன். படம் இப்போது என் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும், "கப்பல் கப்டன் மாதிரி நிக்கிறியள்" என்கிறார்கள். படத்தில் என் கண்ணைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

படம் வந்த பிறகுதான் எனக்கு அம்மாவின் நினைப்பு ஓயாமல் வருகிறது. தழும்பைத் தேடிய கை. சீலையால் மூடின கால். தழும்பு அங்கே இருந்ததா, ஊறித் தெரியாமல் போனதா, இல்லவே இல்லையா? மூன்று பிள்ளைகளோடு மாமியின் கதிக்கு ஆளாகப் பயந்துதான் அவர் ஓம் என்றாரா? கடலில் இருந்து வந்த மீனில் முதல் பங்கை அம்மா சாகும்வரை வேலிக்கு அப்பால் மாமிக்குக் கொடுத்தார். எங்களுக்கே போதாத நாளிலும் கொடுத்தார். நான் முணுமுணுத்தேன். ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்து சோறு தின்றுகொண்டு, நான் அம்மாவுக்கும் அம்மா எனக்கும் முப்பது வருடம் ஒரே சங்கதியை ஒளித்திருக்கிறோம்.

அந்தச் சின்ன வயதில், சகல ஆன்மாக்களின் திருநாளில் சேமக்காலைக்குப் போவோம். எல்லாக் குழியிலும் வீட்டுக்காரர் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அம்மா ஐயாவின் குழியில் இரண்டு கொளுத்துவார். முதல் வருடமே கேட்டேன்.

"ஏனம்மா ரெண்டு?"

"காத்துக்கு ஒண்டு நூந்தாலும் மற்றது நிக்குமெல்லே."

எனக்கு அது சரியான நியாயமாகப் பட்டது. காற்றுப் பக்கமாக முழந்தாளில் இருந்து, இரண்டு கையையும் குவித்து, ஒரு திரியைப் பத்திரமாக மறைத்துக்கொண்டிருப்பேன். மற்றது உதவிக்கு வைத்ததுதானே என்று விட்டுவிடுவேன். அநேகமாக அது நூர்ந்துபோகும். அம்மா குனிந்து, அதைத் திரும்பவும் கொளுத்துவார்.